பிஸ்மத் குளிசையும் என் நாக்கும்

இனிமேல் இந்த வீட்டில் என் சொல்தான் சட்டம் என்று நான் தீர்மானித்தது ஒரு புதன்கிழமை காலை, குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால், நாக்கை நீட்டியபடி. சட்டம் போடுவதற்கு அது உகந்த கோலம் இல்லைதான். ஆனால் வந்த கோபத்துக்கு நான் கோலம் பார்க்கவில்லை.

நாக்கு கறுத்திருந்தது. சும்மா கறுப்பில்லை. தோசைக்கல்லின் அடிப்பக்கம் மாதிரிக் கறுப்பு. அந்த நாக்கை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பதினாறு வீட்டாருக்கு முன்னால் எழும்பி நின்று எனக்கு வாக்குப் போடுங்கள் என்று கேட்க வேண்டும். கோபம் வராமல் என்ன செய்யும்?

முதலில் இருந்தே சொல்கிறேன். என் பெயர் கனகசபாபதி. வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாகப் போகும் ஒரு ஒழுங்கையில், ஐந்து மாடிக் கட்டடத்தில் நாலாம் மாடி. முப்பது வருடமாகக் காப்புறுதிக் கம்பனியில் வேலை. ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் என்னென்ன ஆபத்து வரலாம் என்று விளக்கிச் சொல்வதுதான் என் தொழில். அப்படி விளக்கிக்கொண்டு திரிந்த காலத்தில் என் சொந்த வயிற்றுக்குள் ஒரு ஆபத்து வாடகை இல்லாமல் குடியிருந்திருக்கிறது.

ஒரு வருடமாக நெஞ்செரிவு. நான் பொருட்படுத்தவில்லை. என் மனைவி சாம்பவி பொருட்படுத்தினாள். வாய்க்குள்ளால் கமரா விட்டுப் பார்த்தார்கள். வயிற்றில் புண். புண்ணுக்குக் காரணம் ஒரு கிருமி.

டொக்டர் சிவபாதசுந்தரம் மருந்துத் துண்டை எழுதிக்கொண்டே சொன்னார்: "பதினாலு நாள். நாலு மருந்து. ஒண்டும் தவறக்கூடாது. இடையில விட்டா கிருமி மருந்துக்குப் பழகிடும். பிறகு அதை அசைக்க ஏலாது."

"ஓம் டொக்டர்."

"இதில ஒண்டு பிஸ்மத். நாளைக்கு நாலு தரம். புண்ணில படிஞ்சு மூடும், கிருமியையும் அடிக்கும். ஒரு விசயம், நாக்கு கறுக்கும். வெளியால போறதும் கறுக்கும். பயப்பிடாதேங்கோ."

"கறுத்தா எப்பிடி டொக்டர் பயப்பிடாமல் இருக்கிறது?"

"மருந்து போடேக்க கறுத்தா அது மருந்து. மருந்தை விட்டு மூண்டு நாலு நாளுக்குப் பிறகும் கறுப்பாப் போனா புண்ணில ரத்தம் கசியுதோ எண்டு பாக்கவேணும். அப்பதான் பயப்பிடவேணும். அப்ப ஓடி வரவேணும்."

நான் சாம்பவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் டொக்டரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்திலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

சாம்பவி ஏ.எல். என்கிற உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவள். எங்கள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி வாரத்தில் ஐந்து நாள் வகுப்பு. அந்த மேசையில் நான் சாப்பிட உட்காரும்போதும் அவளுக்கு வகுப்பு முடிவதில்லை. மருந்து வாங்கி வந்த சனிக்கிழமையே குளிசைகளை எல்லாம் அட்டையிலிருந்து உரித்து, போத்தல்களில் போட்டு, அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். வேளைக்கு வேளை ஒரு சின்னத் தட்டில் வைத்துக் கொண்டுவருவாள். ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுத் தொட்டுச் சொல்வாள்.

"இது அமிலத்துக்கு. இதுகள் ரெண்டும் கிருமிக்கு. இது பிஸ்மத். இது விட்டமின், பலத்துக்கு."

"விட்டமின் டொக்டர் எழுதேல்லையே?"

"நான் எழுதினனான். நாலு மருந்தும் சேர்ந்து ஆளைப் போட்டு அடிக்கும். நாலு தரமும் போடுங்கோ."

கலியாணம் கட்டி இருபத்தொன்பது வருடத்தில் அவள் எனக்குப் பலம் வேண்டும் என்று நினைத்தது அதுதான் முதல் தடவை. அந்த விட்டமினை மட்டும் நான் ஆசையாக விழுங்கினேன்.

அந்த நெகிழ்ச்சி அன்று மாலைவரைதான் நின்றது. மாலையில் குடும்ப வட்ஸ்அப்பைத் திறந்தால் என் வயிற்றின் உட்புறப் படம்! கலரில்! கீழே டொரொண்டோவில் இருந்து என் மச்சாள் எழுதியிருக்கிறாள்: "வடிவாத் தெரியுது." லண்டனில் இருந்து ஒருத்தர் கைகூப்பி வணங்கியிருக்கிறார். எதை வணங்கினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"என்ர வயித்தை ஏன் உலகம் முழுக்க அனுப்பினனீர்?" என்று கத்தினேன்.

"அக்கறையில கேட்டவை."

"இனி என்னத்தை அனுப்புவீர்?"

"இனி அனுப்ப வேற என்ன கிடக்கு?"

சரி, அதையும் விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை நடந்ததைத்தான் விட முடியவில்லை.

எங்கள் கட்டட நிர்வாகக் குழுவுக்கு ஞாயிறு காலை பத்து மணிக்குத் தலைவர் தெரிவு. போட்டி எனக்கும் மூன்றாம் மாடி நவரத்தினத்துக்கும். நவரத்தினத்தோடு எனக்கு ஆறு வருடமாகப் பகை. என்னுடைய வாகனத் தரிப்பிடத்துக்குள் அவருடைய கார் ஒன்றரை அடி நீட்டிக்கொண்டு நிற்கும். கேட்டால், "கார் வளருது, நான் என்ன செய்ய" என்பார். அப்படிப்பட்ட மனுசன்.

செவ்வாய் பின்னேரம் வேலை முடிந்து வந்து லிஃப்டில் ஏறினேன். கூடவே நவரத்தினத்தின் மனைவி, மரக்கறிப் பையோடு.

"லிஃப்ட் ஒரு மாதிரி இரையுது, என்ன?" என்றா.

"உங்கட அவரிட்டச் சொல்லுங்கோ, நான் தலைவரா வந்தாத்தான் இது திருந்தும். இது இண்டைக்கு நடுவில நிக்காட்டி நான் என்ர பேரை மாத்துறன்."

நின்றது. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில், நான் வாயை மூடுவதற்கு முன்னமே.

"வோட்சர்! வோட்சர்!" என்று காவலாளியைக் கூப்பிட்டு நான் தொண்டை கிழியக் கத்தினேன். கத்தும்போது வாயைப் பெரிதாகத் திறக்கத்தானே வேண்டும்? அந்த மனுசி என் வாய்க்குள் பார்த்தா. அதற்குப் பிறகு இருபது நிமிடம், கதவு திறக்கும்வரை, மரக்கறிப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "முருகா, முருகா" என்றபடி மூலையில் நின்றா.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் பதினாறு வீட்டுக்கும் கதை போய்விட்டது. கனகசபாபதிக்குக் கருநாக்கு! அவர் சொன்னால் பலிக்கும்! இரண்டாம் மாடி ரூபிகா படியில் என்னைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அங்கிள், என்ர தம்பி அபிஷன் நாளைக்கு டிரைவிங் டெஸ்டுக்குப் போறான். ப்ளீஸ், நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம்."

"நல்லாச் செய்வான் எண்டு வாழ்த்தத்தானே போறன்?"

"வாழ்த்தவும் வேண்டாம் அங்கிள்."

நவரத்தினம் கார்த் தரிப்பிடத்தில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாராம்: "கருநாக்கன் தலைவரா வந்தா லிஃப்ட் மட்டுமில்லை, இந்தக் கட்டடமே நிண்டுபோம்." எனக்கு வந்த கோபத்தில் பல்கணியில் இருந்து கீழே பார்த்துக் கத்தினேன்: "கட்டடம் எண்டா நிக்கத்தானே வேணும்! பின்னை நடக்கவே வேணும்?" ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள்.

சாம்பவியைப் பிடித்தேன்.

"இது மருந்துக் கறுப்பு எண்டு இந்தச் சனத்துக்கு விளங்கப்படுத்தும்."

"விளங்கப்படுத்தினனான். எச்சில்ல கந்தகம் இருக்கு, பிஸ்மத்தோட சேர்ந்தா பிஸ்மத் சல்பைட், அது கறுப்பு எண்டு."

"என்ன சொல்லிச்சினம்?"

"எங்கட வாயிலயும் கந்தகம் இருக்கோ எண்டு கேட்டவை. எல்லாற்ற வாயிலயும் இருக்கு, இவற்ற வாயில கொஞ்சம் கூட எண்டு சொன்னன்."

"சாம்பவி! ஞாயிற்றுக்கிழமை முடியுமட்டும் அந்த ஒரு குளிசையை நிப்பாட்டப்போறன்."

"ஏலாது."

"மற்ற மூண்டையும் போடுறன்தானே?"

"நாலு பேர் சேர்ந்து தூக்கிற பாரத்தில ஒரு ஆளைக் கழட்டினா என்ன நடக்கும்? பதினாலு நாள் எண்டா பதினாலு நாள்."

"நாக்கு என்ர நாக்கு!"

"புண்ணும் உங்கட புண்தான்."

இந்தப் பதிலுக்குப் பிறகுதான் புதன்கிழமைக் கண்ணாடி, புதன்கிழமைத் தீர்மானம். சட்டம் போட்டேன். ஆனால் அதை அறிவிக்கவில்லை. அறிவித்தால் அவள் ரத்துச் செய்துவிடுவாள்.

காலைத் தட்டு வந்தது. "இது அமிலத்துக்கு. இதுகள் கிருமிக்கு. இது பிஸ்மத். இது விட்டமின்." எல்லாவற்றையும் ஒன்றாக வாயில் போட்டேன். பிஸ்மத்தை மட்டும் கன்னத்துக்குள் ஒதுக்கினேன். தண்ணீர் குடித்தேன். "ஆ" என்று வாயைத் திறந்து காட்டத் தயாராக நின்றேன். அவள் பார்க்கக்கூட இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எவ்வளவு நம்பிக்கை! பல்கணிக்கு வந்து, கற்றாழைச் சட்டிக்குள் விரலால் குழி தோண்டி, குளிசையைப் புதைத்தேன். எனக்கு அப்படியொரு வெற்றிக் களிப்பு. இரசாயனவியலை இன்சூரன்ஸ் வென்றுவிட்டது!

நாளைக்கு நாலு அடக்கம். புதன், வியாழன், வெள்ளி.

வெள்ளி மாலை கண்ணாடியில் பார்த்தேன். கறுப்பு. பரவாயில்லை, நல்ல வீரியமான மருந்து, மெல்லத்தான் கழலும் என்று நினைத்தேன். வாயில் இரும்பை நக்கினது போன்ற ருசியும் போகவில்லை. அது மற்றக் குளிசைகளில் ஒன்றின் குணம் என்று டொக்டர் முன்னமே சொல்லியிருந்தார். சனிக்கிழமை பல் துலக்கும் பிரஷால் நாக்கைத் தேய்தேய் என்று தேய்த்தேன். நாக்கு வீங்கியது. கறுப்பு அப்படியே. கோபத்தில் பிரஷை எறிந்தேன்.

ஞாயிறு காலை எழும்பி, வெள்ளைச் சேட்டைப் போட்டு, எழுதி வைத்த பேச்சைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனேன். அங்கே குனிந்து பார்த்தேன். அதுவும் கறுப்பு. விவரம் இதற்குமேல் வேண்டாம்.

அப்போதுதான் டொக்டர் சொன்னது காதுக்குள் கேட்டது. மருந்தை விட்டு மூன்று நாலு நாளுக்குப் பிறகும் கறுப்பாகப் போனால்.

விரல் மடித்துப் பார்த்தேன். புதன், வியாழன், வெள்ளி, சனி. நாலு நாள்!

ரத்தம் போகிறது. நாலு நாளாகப் போகிறது. நான் ஒரு தலைவர் கதிரைக்காகக் குளிசையைச் சட்டிக்குள் புதைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் என் வயிற்றுக்குள் ரத்தம் போயிருக்கிறது. குசினியில் சாம்பவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்லலாம். சொன்னால் புதைத்ததையும் சொல்லவேண்டும். "உதில போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். சாவதற்கு ஆயத்தமாக இருந்தேன். ஒப்புக்கொள்ள ஆயத்தமாக இல்லை.

பாமன்கடைச் சந்திப் பக்கம் தாஸிமின் மருந்துக்கடை. அப்போதுதான் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன சேர், முகமெல்லாம் வெளுத்துப் போயிருக்கு?"

"வெளுத்திருக்கோ? உண்மையா வெளுத்திருக்கோ?"

விசயத்தைச் சொன்னேன். தாஸிம் சிரித்த முகத்தை மாற்றினார்.

"மருந்த ஏன் சேர் நிப்பாட்டின நீங்க?"

"எலெக்சன்."

"யா அல்லாஹ். நாலு நாளா குடிக்கல்ல, இன்னமும் கறுப்புன்டா இங்க நிக்க வாணாம். நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. நடந்து போகவும் வாணாம்."

வழியில் வந்த முதல் ஓட்டோவை மறித்தேன். "மல்லி, இஸ்பிரிதாலெட்ட! இக்மனட்ட!" என்று, ஆஸ்பத்திரிக்குக் கெதியாகப் போகச் சொல்லிச் சிங்களத்தில் கத்தினேன். அவன் விட்ட வேகத்தில், ரத்தம் போகாத ஆளுக்கும் போயிருக்கும்.

தனியார் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. சின்ன வயது லேடி டொக்டர். கட்டிலில் படுக்கவைத்து, திரையை இழுத்து, நாடி பார்த்து, பிரஷர் பார்த்து, ரத்தம் எடுத்தா. பிறகு கையுறை மாட்டினா. அதற்குப் பிறகு நடந்ததை நான் எழுதப்போவதில்லை. ஐம்பத்தெட்டு வயதில் ஒரு மனிதனுக்கு நடக்கக்கூடாதது. அந்த நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நான் நவரத்தினத்தைத் திட்டினேன்.

படுத்தபடியே சாம்பவிக்குப் போன் எடுத்தேன். "ஆஸ்பத்திரியில நிக்கிறன். ரத்தம் போகுது. வாரும்" என்றேன். எந்த ஆஸ்பத்திரி என்பதையும் சொன்னேன். உடனே போனை வைத்துவிட்டேன்.

முக்கால் மணி நேரத்தில் லேடி டொக்டர் கடதாசியோடு வந்தா. அவ கதைத்தது சிங்களமும் இங்கிலீசுமாக. நான் பதில் சொன்னது எனக்கு அந்த நேரம் வாயில் வந்த எல்லா மொழியிலும்.

"ரத்தம் போகவில்லை. சோதித்ததில் ஒரு துளி ரத்தமும் இல்லை. உங்கள் உடம்பில் ரத்தம் நிறையவே இருக்கிறது. கறுப்பு, பிஸ்மத்தால் வந்தது."

"இருக்க முடியாது. நான் பிஸ்மத் எடுக்கவில்லை."

"எடுக்கிறீர்கள்."

"எடுக்கவில்லை!"

"மாத்தயா, இந்த நாக்கை வைத்துக்கொண்டு எடுக்கவில்லை என்று சொல்லாதீர்கள். ஒழுங்காக எடுக்கிறீர்கள். நல்ல விசயம்தானே?"

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. இருபத்தொன்பது வருடத்தில் முதல்தடவையாக ஒரு மனிதன் தன் மனைவியை ஏமாற்றியிருக்கிறான். அதையும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்! கட்டிலில் எழும்பி உட்கார்ந்து, ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

"நான் எடுக்கேல்லை! புதன்கிழமையில இருந்து ஒண்டுமே எடுக்கேல்லை! எல்லாத்தையும் கற்றாழைச் சட்டிக்குள்ள தாட்டனான்! சத்தியமா! சட்டியைக் கிண்டிப் பாருங்கோ!"

திரை விலகியது.

சாம்பவி நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்க்கைக் கட்டிப்பிடித்தபடி நவரத்தினம். அவளைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு வந்தவர் அவர்தான். கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டு வந்திருக்கிறார்.

நான் மெல்லத் திரும்பவும் படுத்தேன்.

சாம்பவி முதலில் டொக்டரோடு கதைத்தாள். கடதாசியை வாங்கி, எழுத்தெழுத்தாக வாசித்தாள். பிறகு கதிரையில் உட்கார்ந்தாள்.

"ரத்தம் இல்லை," என்றாள்.

"ஓம். அப்ப ஏன் கறுப்பு?"

"பிஸ்மத் போட்டா கறுக்கும்தானே."

"நான்தான் தாட்டுப்போட்டனே!"

"நீங்கள் தாட்டது விட்டமின் சி."

"அப்ப நான் விழுங்கின விட்டமின்?"

"பிஸ்மத்."

"எப்ப மாத்தினனீர்?"

"குளிசையை மாத்தேல்லை. முதல் நாளே பேரைத்தான் மாத்திச் சொன்னனான். கறுக்கும் எண்டு டொக்டர் சொல்லேக்க உங்கட முகம் போன போக்கைப் பாத்தன். இந்தாள் ஒரு குளிசையை எறியப்போகுது எண்டு விளங்கிச்சு. எது எண்டும் விளங்கிச்சு. அதான் எறியிறதுக்கெண்டு ஒண்டு தந்தன்."

நவரத்தினம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"நான் செத்துப்போகப் போறன் எண்டு நடுங்கினனான்! சொல்லியிருக்கலாமே!"

"எறியிறன் எண்டு நீங்கள் சொல்லியிருக்கலாமே!" என்றாள் அவள். குரல் திடீரென்று உயர்ந்தது. "ரத்தம் போகுது எண்டு சொல்லிப்போட்டு போனை வைக்கிறதே? மருந்துக் கறுப்புக்குள்ள ரத்தக் கறுப்பு தெரியாமல் போயிருக்குமோ, நான்தான் கவனிக்காமல் விட்டிட்டனோ எண்டு, வழி முழுக்க என்ர சீவன் என்னட்ட இல்லை. அம்பிட்டா இண்டைக்கு உங்களை..."

அப்போதுதான் அவள் காலைப் பார்த்தேன். ஒரு காலில் அவளுடைய செருப்பு. மற்றக் காலில் என்னுடையது.

நான் ஒரு பெரிய சண்டைக்கு ஆயத்தமாக மூச்சை இழுத்திருந்தேன். ஏமாற்றியிருக்கிறாள். என்னை ஒரு குழந்தைப்பிள்ளை மாதிரி நடத்தியிருக்கிறாள். ஆனால் என்ன சொல்லிச் சண்டை பிடிப்பது? என்னை ஏன் காப்பாற்றினாய் என்றா? இழுத்த மூச்சை அப்படியே விட்டேன்.

"கஞ்சி குடியுங்கோ, ஆறப்போகுது," என்று நவரத்தினம் பிளாஸ்க்கைத் திறந்தார். அந்தக் கஞ்சியை அவருடைய மனைவிதான் வைத்துக் கொடுத்தாவாம். கருநாக்குக்காரன் கோபத்தில் ஏதும் சொல்லிவிடக்கூடாது என்ற பயத்தில் வைத்தாவோ, பாவம் என்று வைத்தாவோ, தெரியாது. நல்ல ருசி. அதுவும் எனக்குக் கோபம்.

மீதி ஐந்து நாளும் தட்டில் ஐந்து குளிசைக்குப் பதில் நாலுதான் வந்தது. விட்டமினை நிறுத்திவிட்டாள். எனக்குப் பலம் வேண்டிய தேவை முடிந்துவிட்டதாம். அடுத்த ஞாயிறு ஒத்திவைத்த கூட்டம் நடந்தது. நவரத்தினம் ஏகமனதாகத் தலைவரானார். கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். கஞ்சி குடித்தவன் வேறு என்ன செய்ய?

ஒரு மாதம் கழித்து ஒரு பைக்குள் மூச்சை ஊதவைத்துச் சோதித்தார்கள். டொக்டர் சிவபாதசுந்தரம் முடிவைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"கிருமி துப்புரவாப் போட்டுது. பதினாலு நாளும் ஒரு குளிசை தவறேல்லைப் போல. ஆம்பிளையளில இப்பிடி ஆள் நூறில ஒண்டு. எப்பிடி ஐயா சமாளிச்சனீங்கள்?"

நான் வாயைத் திறந்தேன்.

"இவர் நான் சொன்னாக் கேக்கிற ஆள், டொக்டர்," என்றாள் சாம்பவி.

"ஓம் டொக்டர்," என்றேன் நான்.